நமக்கோ விண்ணகமே தாய்நாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துக்க வீட்டில், கல்லறைத் தோட்டத்தில், ஓய்வுநாள் பள்ளி முடிந்து பிள்ளைகள் கலையும் நேரத்தில் என்று பல இடங்களில் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. நான் போதகர் இல்லை. பல வருடங்களாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன், அவ்வளவுதான். வேதத்தில் இருப்பதையும், அதைப் படித்து எனக்கு விளங்கியதையும் சொல்கிறேன்.

பரலோகம்தான் நம் சொந்த வீடு என்று கிறிஸ்தவர்கள் சொல்வதன் பொருள் என்ன?

கடவுள் இருக்கும் இடமே நமக்கு உரிய இடம், அவருடைய குடும்பத்தில் நமக்குப் பங்கு உண்டு, அந்த உறவை மரணத்தாலும் முறிக்க முடியாது என்பதுதான். இது இறந்த பிறகு தொடங்கும் உறவு இல்லை. இன்றைக்கே, இந்த ஊரிலேயே, ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதே நாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். பலர் இந்த நம்பிக்கையைச் சாவுக்குப் பிறகான பயண ஏற்பாடாக மட்டும் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். கீழே வரும் பல பதில்களில் அந்த வருத்தம் தெரியும்.

பிலிப்பியர் 3:20-ஐ ஒரு வேதாகமம் "குடியிருப்பு" என்கிறது, இன்னொன்று "தாய்நாடு" என்கிறது. எது சரி?

பழைய திருப்புதலில், "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது" என்று இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையினர் படிக்கும் பொது மொழிபெயர்ப்பில், "நமக்கோ விண்ணகமே தாய்நாடு" என்று வருகிறது. மூலத்தில் இருப்பது "பொலித்தேயுமா" என்ற கிரேக்கச் சொல். "பொலிஸ்" என்றால் நகரம். அதிலிருந்து பிறந்த இந்தச் சொல்லுக்குக் குடியுரிமை, ஒரு நகரத்தாரின் கூட்டமைப்பு, அவர்கள் சேர்ந்திருக்கும் அரசு என்று பல சாயல்கள் உண்டு.

"குடியிருப்பு" என்ற சொல்லை இன்று கேட்டால் வீட்டுவசதி வாரியத்தின் அடுக்குமாடிதான் ஞாபகத்துக்கு வருகிறது. குடிமக்களாக இருப்பது என்ற பழைய பொருள் அதில் மங்கிவிட்டது. "தாய்நாடு" நெஞ்சைத் தொடுகிறது, ஆனால் உரிமை என்ற சாயல் அதில் குறைவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பிலிப்பி ஊர்ச் சபைக்கு இந்தக் கடிதத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் சொல்ல வந்ததற்கு ஓரளவு பக்கத்தில் போய்விடலாம். முழுதாகப் புரிய, அந்தக் கடிதம் போன ஊரைப் பார்க்க வேண்டும்.

பிலிப்பி ஊருக்கும் இந்த வசனத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. பிலிப்பி இன்றைய வட கிரேக்கத்தில், கவாலா துறைமுகத்துக்குப் பக்கத்தில், இடிபாடுகளாகக் கிடக்கிறது. 2016-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. மகா அலெக்சாந்தரின் தகப்பன் இரண்டாம் பிலிப்பு கி.மு. 356-இல் அந்த ஊரைப் பிடித்துத் தன் பெயரை வைத்தான். கி.மு. 42-இல் அதன் அருகேதான் ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸும் காசியஸும், அந்தோனியிடமும் ஒக்தாவியனிடமும் தோற்றார்கள். போர் முடிந்ததும், படையிலிருந்து விடுவித்த ரோமப் போர்வீரர்களுக்கு அங்கேயே நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். அன்றுமுதல் அது ஒரு ரோமக் காலனி. அந்த மண்ணையே இத்தாலியின் மண்போல நடத்தும் சலுகையும் அதற்குக் கிடைத்தது. சுற்றிலும் கிரேக்கம் பேசும் ஊர்கள். இங்கே மட்டும் கல்வெட்டுகளில் பெரும்பாலும் லத்தீன்.

அந்த ஊர்க்காரர்களுக்கு இதில் எவ்வளவு பெருமை என்று அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். ரோமராகிய நாம் ஏற்கக் கூடாத பழக்கங்களை இவர்கள் போதிக்கிறார்கள் என்பதுதான் பவுல்மீதும் அவருடைய தோழர் சீலாமீதும் வந்த குற்றச்சாட்டு. விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள், தொழுமரத்தில் கால்களை மாட்டினார்கள். மறுநாள் காலையில், சத்தமில்லாமல் போய்விடச் சொன்னபோது பவுல் மறுக்கிறார். நாங்களும் ரோமர், எங்களை வெளியரங்கமாய் அடித்துவிட்டு இரகசியமாய் அனுப்புகிறீர்களா, அவர்களே வந்து அழைத்துக்கொண்டு போகட்டும் என்கிறார். அதைக் கேட்டு அதிகாரிகள் பயந்துபோய் நேரில் வந்து கெஞ்சுகிறார்கள். குடியுரிமை என்றால் என்ன பலம் என்று அந்த ஊர் அன்று கண்ணால் பார்த்தது.

அதே ஊருக்குத்தான், பிற்பாடு சிறையிலிருந்து பவுல் எழுதுகிறார்: நம்முடைய குடியுரிமை பரலோகத்தில் இருக்கிறது.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். பிலிப்பியில் குடியேறிய ரோமக் குடிமகனின் வேலை என்ன? மூட்டை கட்டிக்கொண்டு ரோமாபுரிக்குத் திரும்புவதா? இல்லை. ரோமின் சட்டத்தையும் முறைமையையும் பிலிப்பி இருந்த மக்கெதோனியாவில் வாழ்ந்து காட்டத்தான் அவனை அங்கே வைத்தார்கள். பவுலின் சொல்லும் அங்கேதான் குத்துகிறது. அதே கடிதத்தில் 1:27-இல், சுவிசேஷத்துக்குத் தகுந்தபடி "நடந்துகொள்ளுங்கள்" என்று தமிழில் வரும் இடத்திலும் மூலத்தில் அதே வேரிலிருந்து வந்த வினைச்சொல்தான் நிற்கிறது. "குடிமக்களாக வாழுங்கள்" என்று அதைப் படிக்கலாம். நீங்கள் பரலோகத்தின் ஆட்கள், அந்த நாட்டின் சட்டப்படி இந்த ஊரில் வாழுங்கள் என்கிறார். வசனத்தின் மறுபாதியும் அப்படித்தான்: அங்கிருந்து இரட்சகர் இங்கே வருவதற்காகக் காத்திருக்கிறோம். நாம் அங்கே ஓடுவதைப் பற்றி அந்த வரியில் பேச்சே இல்லை.

அப்படியானால் "இந்த உலகம் நமக்குச் சொந்தமில்லை" என்று சும்மா இருந்துவிடக் கூடாதா?

கூடாது. கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி ஒரு கடிதம் அனுப்பினார். சீக்கிரம் திரும்பிவிடுவோம், பெட்டியைத் திறக்கவே வேண்டாம் என்று அங்கே சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எரேமியா எழுதியது நேர் எதிர்: "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." அப்புறம், உங்களைச் சிறைபிடித்துப்போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள் என்கிறார். தங்களைச் சிறைபிடித்தவர்களின் ஊருக்காக!

எங்கள் பக்கத்தில் இதற்குச் சாட்சி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1900-இல் வேலூரில் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் ஸ்வைன்சன் காது கேளாத பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கினார். இந்த உலகத்துக்கு நாம் வெளியாட்கள் என்று நம்பியவர்கள்தான் இவர்களெல்லாம். அதற்காகக் காது கேளாத ஒரு பிள்ளையிடம், பரலோகத்தில் உனக்குக் காது கேட்கும், அதுவரை பொறுத்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிடவில்லை.

"பரதேசி" என்பது வசவு ஆயிற்றே. அதைப் போய் நம்மை நாமே எப்படிச் சொல்லிக்கொள்வது?

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஆச்சி கோபம் வந்தால் "பரதேசிப் பயலே" என்றுதான் திட்டுவாள். அதே ஆச்சி சாயங்கால ஜெபத்தில், "அந்நியரும் பரதேசிகளுமாகிய எங்களை வழிநடத்தும் ஆண்டவரே" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். எனக்குக் குழப்பமாக இருக்கும். காலையில் நான் பரதேசி, ராத்திரியில் வீடே பரதேசி.

சொல்லின் நேர்ப்பொருள் எளிது: பர தேசத்தைச் சேர்ந்தவன், வேற்று நாட்டான். வேற்றூரிலிருந்து வந்து வீடு வாசல் இல்லாமல் திரிந்தவர்களைச் சுட்டி, அப்படியே பிச்சைக்காரன், நாதியற்றவன் என்று தேய்ந்துவிட்டது. 1 பேதுரு 2:11-இல் வரும் கிரேக்கச் சொற்களும் அன்று கௌரவமானவை இல்லை. "பரோய்கோஸ்" என்றால் ஓர் ஊரில் குடியிருந்தும் அந்த ஊரின் குடியுரிமை இல்லாதவன். அவனுக்கு அந்த ஊரில் சட்டப்படி முழுப் பாதுகாப்புக் கிடையாது. ஊர் ஒதுக்கிவைத்த அந்தப் பெயரை எடுத்துத்தான் பேதுரு விசுவாசிகளுக்குச் சூட்டுகிறார்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி. அந்தப் பரோய்கோஸின் வழியாக வந்ததுதான் "பாரிஷ்" என்ற சொல். நாம் பங்கு என்றும் சேகரம் என்றும் சொல்கிறோமே, அதுதான். ஒவ்வொரு பங்கும் அதன் பெயரிலேயே வெளியூர்க்காரர்கள் தங்கும் இடம். அங்கே வரும் வெளியூர்க்காரரிடம் "நீங்க எந்த ஊரு, எந்தக் குடும்பம்" என்று துருவித் துருவிக் கேட்பதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஆபிரகாம் வாக்குத்தத்த தேசத்துக்கு வந்தும் ஏன் கூடாரத்திலேயே இருந்தார்?

எபிரெயர் 11-ஆம் அதிகாரம் சொல்லும் காரணம், தேவன் கட்டும் நகரத்துக்கு அவர் காத்திருந்தார் என்பது. ஆனால் எனக்கு ஆதியாகமம் 23 இன்னும் ஆழமாகப் படுகிறது. சாராள் எபிரோனில் இறந்துபோகிறாள். அந்தத் தேசம் முழுவதும் உன் சந்ததிக்கு என்று வாக்கு வாங்கிய மனிதரிடம், மனைவியை அடக்கம் பண்ணக் கையளவு மண் இல்லை. பிணத்தருகே அழுதுவிட்டு எழுந்து, அந்த ஊர்க்காரர்களான ஏத்தின் புத்திரரிடம் போய், "நான் உங்களிடத்தில் அந்நியனும் பரதேசியுமாயிருக்கிறேன்" என்று தொடங்குகிறார். சும்மா தருகிறோம் என்கிறார்கள். வேண்டாம், விலை சொல்லுங்கள் என்கிறார். நிலத்துக்காரன் எப்பெரோன் நானூறு சேக்கல் வெள்ளி என்கிறான். பேரம் பேசாமல் எல்லார் முன்னும் நிறுத்துக் கொடுக்கிறார். வயலும், குகையும், வயலில் உள்ள மரங்களும் என்று இன்றைய கிரயப் பத்திரம்போல வேதம் அதை எழுதிவைத்திருக்கிறது.

வாக்குத்தத்த தேசத்தில் ஆபிரகாம் விலைக்கு வாங்கி அனுபவித்த நிலம் ஒரு கல்லறை. அதை வாங்கும்போதுதான் தன்னைப் பரதேசி என்கிறார். எபிரெயருக்கு எழுதியவர், "பூமியின்மேல் தங்களை அந்நியரும் பரதேசிகளும் என்று அறிக்கையிட்டு" என்று எழுதும்போது இந்தக் காட்சியைத்தான் மனதில் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். அடுத்து வருவது, "அதிலும் மேன்மையான பரமதேசத்தையே விரும்பினார்கள்."

"என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு" என்றால் மாளிகைகளா?

ஆளுக்கொரு பங்களா என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். யோவான் 14:2-இல் இருப்பது "மோனே" என்ற சொல். தங்கும் இடம் என்று பொருள். மாளிகை என்ற எண்ணம் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து நமக்கு ஒட்டிக்கொண்டது. வசனத்தைக் கவனியுங்கள்: வீடு ஒன்றுதான், அதுவும் தகப்பனுடைய வீடு. அதற்குள் பலருக்கு இடம்.

இயேசு நடமாடிய கப்பர்நகூமில் தோண்டி எடுத்த வீடுகளும் அப்படித்தான் இருக்கின்றன. கறுப்பு எரிமலைக் கல்லில் கட்டியவை, நடுவில் பொது முற்றம், சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள். மகனுக்குக் கல்யாணமானால் பக்கத்தில் ஓர் அறை இழுத்துக் கட்டும் நம் ஊர்ப் பழைய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். "உங்களுக்காக ஒரு இடத்தைத் தயார் செய்யப் போகிறேன்" என்பது அந்த மாதிரி வீட்டில் வளர்ந்தவரின் பேச்சு.

இன்னொன்று. "மோனே" என்ற சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஒன்று இது. இரண்டாவது, அதே அதிகாரத்தில் 23-ஆம் வசனம்: என்னில் அன்பாயிருக்கிறவனிடத்தில் நாங்கள் வந்து வாசம்பண்ணுவோம். முதல் வசனத்தில் நாம் அவர் வீட்டில் தங்குகிறோம், இரண்டாவதில் அவர் நம்மிடத்தில் தங்குகிறார். இதை முதல்முறை கவனித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இறந்த உடனே பரலோகம் போய்விடுவோமா?

சபைக்குச் சபை விளக்கம் மாறும். சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனிடம், "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று இயேசு சொன்னதை வைத்து, உடனே அவரோடு இருப்போம் என்பது பெரும்பாலோரின் நம்பிக்கை. கத்தோலிக்கர்கள் தூய்மை பெறும் ஒரு நிலையையும் நம்புகிறார்கள். அதனால்தான் நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் இறந்தவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறார்கள். சீர்திருத்தச் சபைகள் அதை ஏற்பதில்லை.

எல்லாச் சபைகளும் சேர்ந்து அறிக்கையிடும் ஒன்றைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தின் கடைசியில், சரீரம் உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறேன் என்று வாரம் தவறாமல் சொல்கிறோம். ஆவி மட்டும் மேலே பறந்துபோய் மேகத்தில் உட்கார்ந்திருப்பது கிறிஸ்தவ நம்பிக்கையின் முடிவு இல்லை. இந்த உடம்பு எழுப்பப்படும். உயிர்த்த இயேசு கரையோரம் கரிநெருப்புப் போட்டு மீன் சுட்டுச் சீஷருக்குக் காலை உணவு கொடுத்தாரே, அதுபோல மெய்யான உடம்பு.

இந்து நண்பர்கள் சொல்லும் மோட்சமும் இதுவும் ஒன்றா?

சொல் ஒன்று, பொருள் வேறு. "மோட்சம்" என்றால் விடுதலை. பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவது அங்கே மையம். நம் முன்னோர் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள், இன்றும் வயதானவர்கள் பரலோகத்தை மோட்சம் என்றுதான் சொல்வார்கள். கிறிஸ்தவ நம்பிக்கையில் மையமாக இருப்பது ஒரு வீடு, ஒரு பந்தி, நிறைய மனிதர்கள், நடுவில் கடவுள். இதைச் சொல்லும்போது நண்பரின் நம்பிக்கையை மட்டம்தட்ட வேண்டிய அவசியமே இல்லை.

பரலோகத்தின் அளவு, பொன் வீதி, முத்து வாசல் எல்லாம் உண்மையா?

வெளிப்படுத்தல் 21-இல் புதிய எருசலேமின் நீளம், அகலம், உயரம் மூன்றும் பன்னீராயிரம் ஸ்தாதி. சுமார் 2,200 கிலோமீட்டர் வரும். கன்னியாகுமரியிலிருந்து டெல்லிக்கு நேர்கோடு போட்டால் கிட்டத்தட்ட அவ்வளவு. அதே அளவு உயரமும் என்றால், கட்டிடப் படமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று தெரிகிறது. மூன்று பக்கமும் சமமான இடம் பழைய ஏற்பாட்டில் சாலொமோன் கட்டிய ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலம்: இருபது முழம் நீளம், இருபது முழம் அகலம், இருபது முழம் உயரம். வருடத்தில் ஒரே நாள், பிரதான ஆசாரியன் ஒருவன் மட்டும் நுழையக்கூடிய இடம். யோவான் கண்ட தரிசனத்தில் நகரமே அந்த அறையாகிவிட்டது. எல்லாரும் உள்ளே. அதனால்தான் அங்கே தனியாக ஆலயம் இல்லை என்கிறார்.

பொன் வீதியைப் பற்றிப் பேசும் பலர், அந்த நகரம் எந்தத் திசையில் போகிறது என்பதைக் கவனிப்பதில்லை. அது பரலோகத்திலிருந்து பூமிக்கு இறங்கி வருகிறது. "இதோ, மனுஷர்களிடத்திலே தேவனுடைய வாசஸ்தலமிருக்கிறது." வாசல்கள் அடைக்கப்படுவதில்லை. ஏழாம் அதிகாரத்தில் சிங்காசனத்துக்கு முன் நிற்பவர்கள் சகல பாஷைக்காரரிலுமிருந்து வந்தவர்கள். ஆகவே அங்கே தமிழும் கேட்கும் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

"சமுத்திரமும் இல்லாமற்போயிற்று" என்று இருக்கிறதே. கடலை நம்பி வாழும் எங்களுக்கு அது எப்படிச் சொந்த ஊராகும்?

கடற்கரை ஊர் ஒன்றில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னிடம் இதைக் கேட்டார். ஊசியை நிறுத்தாமல்தான் கேட்டார். தூத்துக்குடி, குமரி கடற்கரையில் ஐந்நூறு வருடமாகத் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருக்கும் மக்களுக்கு இது நியாயமான கேள்வி.

இதை எழுதிய யோவான் பத்மு தீவில் இருந்தார். தன் சபைகளுக்கும் தனக்கும் நடுவில் கடல். அதே புத்தகத்தின் 13-ஆம் அதிகாரத்தில் மிருகம் எழும்பி வருவது கடலிலிருந்து. எபிரேய வேதத்திலும் கடல் பல இடங்களில் கட்டுக்கடங்காத அழிவின் அடையாளம். பிரிக்கிற கடல், விழுங்குகிற கடல் இனி இராது என்றுதான் அந்த வரியை நான் படிக்கிறேன். பெரியவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "2004-இல வந்துச்சே, அந்தக் கடலு வராதுன்னு சொல்லுதீய" என்றார். ஆமாம் ஐயா என்றேன். "சரி. மீனு இருக்கட்டும்" என்றார். மீன் சுட்டுக் கொடுத்த ஆண்டவர் இதற்கு மறுப்புச் சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பரலோகம் போனவருக்காக அழுவது விசுவாசக் குறைவா?

எங்கள் ஆச்சி இறந்த அன்று, பெட்டியை மூடும் நேரத்தில் என் அத்தை வாய்விட்டு அழுதாள். ஒருவர் அவள் தோளைத் தட்டி, "அழக்கூடாதும்மா, அவங்க நல்ல இடத்துக்குத்தான் போயிருக்காங்க" என்றார். அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அந்த முந்தானையை என்னால் மறக்க முடியவில்லை.

இறந்துபோன தன் நண்பன் லாசருவை எழுப்பப் போவது இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றார். துக்கிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளிப்படுத்தலில் தேவன் கண்ணீரைத் துடைப்பார் என்று இருக்கிறது. துடைப்பதற்குக் கண்ணில் கண்ணீர் இருக்க வேண்டுமே. அழட்டும், விடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள்.

அங்கே நம்மவர்களை அடையாளம் தெரியுமா என்று சேர்த்துக் கேட்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் மகதலேனா மரியாள் உயிர்த்த இயேசுவை அடையாளம் கண்டாள். எனக்கு அது போதும்.

ஊரையே இழந்து வந்தவர்களிடம் "பரலோகம்தான் உங்கள் வீடு" என்று ஆறுதல் சொல்லலாமா?

நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டு சொல்லாதீர்கள். முகாமில் முப்பது வருடம் இருந்தவருக்கு முதலில் தேவைப்படுவது ஒரு கதவும், பிள்ளைக்குப் படிப்பும், கையில் ஒரு குடியுரிமைச் சான்றும். அதற்கு நீங்கள் என்ன செய்ய முடியும் என்று பாருங்கள். அவரே "நிலையான நகரம் நமக்கு இங்கே இல்லை" என்று சொன்னால், கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வார்த்தைக்கு அவரிடம் நம்மைவிட உரிமை அதிகம். உடைமைகளைக் கொள்ளை கொடுத்தவர்களுக்கு எழுதிய கடிதத்தில் உள்ள வரி அது.

அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் யோர்தான் ஆற்றைக் கடப்பதையும் வாக்குத்தத்த தேசமான கானானுக்குப் போவதையும் பாடினார்கள். எஜமானர்கள் அதைச் சாவுக்குப் பிறகான ஆறுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். அடிமைத்தனத்திலிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ், 1855-இல் வெளியான தன் வரலாற்றில், தங்களுக்குக் கானான் என்றால் வடக்கு மாநிலங்கள் என்று எழுதினார். விடுதலை பெற்ற மண். பரலோகத்தை நம்பியவர்களின் கால்கள் இங்கேயே நடக்கத் தொடங்கின.

பரலோகத்தில் எல்லாரும் ஒரே குடி என்கிறோம். கல்லறைத் தோட்டத்தில் ஏன் சாதிக்கொரு பகுதி?

இது கேள்வியே இல்லை, குற்றச்சாட்டு. ஏற்றுக்கொள்ள வேண்டிய குற்றச்சாட்டு. தமிழ்நாட்டில் சில ஊர்களில் கிறிஸ்தவர்களின் கல்லறைகளே சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன, நடுவில் சுவர் எழுப்பிய இடமும் உண்டு. சுவரின் இரண்டு பக்கத்துக் கற்களிலும் அதே நம்பிக்கையின் வசனங்கள்.

எருசலேம் ஆலயத்தில் யூதரல்லாத புறஜாதியார் தாண்டக்கூடாத ஒரு தடுப்பு இருந்தது. அதில் பதித்திருந்த எச்சரிக்கைக் கல் ஒன்று 1871-இல் கிடைத்தது, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாண்டுகிறவன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்கத்தில் வெட்டியிருக்கிறார்கள். அந்தத் தடுப்பு நின்றுகொண்டிருந்த காலத்தில் வாழ்ந்தவர் பவுல். எபேசியர் கடிதத்தில், "பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து" என்றும், ஐந்து வசனம் தள்ளி, நீங்கள் இனி அந்நியரும் பரதேசிகளும் இல்லை, பரிசுத்தவான்களோடே "ஒரே நகரத்தாரும் தேவனுடைய வீட்டாரும்" என்றும் படிக்கிறோம்.

ஒரே நகரத்தார். இந்தச் சொல்லை ஆராதனையில் வாசித்துவிட்டு அந்தச் சுவரைத் தாண்டிப் போய்த் தனிப் பகுதியில் புதைக்கிறோம் என்றால், நாம் எந்த நாட்டுச் சட்டப்படி வாழ்கிறோம்? சுவரை இடிக்கக் கேட்பவர்களைச் சமாதானத்தைக் குலைப்பவர்கள் என்று சொல்கிறோம். குலைந்தது சுவர் எழும்பிய அன்றே.

அப்படியானால் சொந்த வீடு கட்டக் கூடாதா?

தாராளமாகக் கட்டுங்கள். பிரதிஷ்டைக்கு என்னையும் கூப்பிடுங்கள். யாராவது கஷ்டத்தோடு கதவைத் தட்டும்போது ஒரு பாய் விரிக்க அதில் இடம் இருக்கட்டும்.

கல்லறையில் எழுத ஒரு வசனம் சொல்ல முடியுமா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கல் வெட்டுகிறவர்கள் பல இடங்களில் எழுத்துக் கணக்கில் கூலி கேட்பார்கள், ஆகவே சின்ன வசனமாகப் பாருங்கள். யோவான் 14:3-இலிருந்து "நான் இருக்கிற இடத்திலே நீங்களும்" என்பதைச் சிலர் போடுகிறார்கள். வசனத்தின் எண்ணை மட்டும் போட்டால் பேரப்பிள்ளைகள் வீட்டுக்குப் போய் எடுத்துப் படிக்க மாட்டார்கள், வரியையே எழுதுங்கள்.

ஆச்சியின் கல்லுக்கு நாங்கள் எபிரெயர் 11:16-ஐ எடுத்தோம். முழு வசனம் கொள்ளவில்லை. அவள் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம், அதன் கீழே "பரமதேசத்தையே விரும்பினார்கள்". வசனம் பன்மையில் இருக்கிறது, ஒருத்திக்கு எப்படிப் போடுவது என்று சித்தப்பா கேட்டார். அத்தைதான் அப்படியே இருக்கட்டும் என்றாள். பக்கத்தில் தாத்தாவும் இருக்கிறார், எனக்கும் அங்கேதான் இடம் என்றாள்.